ஜன்னலோரப் படம்

ஜனவரி 20, திங்கள்

காலையில் காபி குடித்தேன். பாதி உள்ளே போனது, பாதி சேலையில் போனது. தூக்கக் கலக்கம் என்று துடைத்துக்கொண்டேன். வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாகத் தன்பாட்டுக்கு வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால், என் முகத்தின் இடது பாதி அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. புருவத்தைத் தூக்கினால் ஒன்று மட்டும் ஏறியது. கண்ணை மூடினால் ஒன்று மட்டும் மூடியது.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட விதத்திலேயே இவருக்குப் புரிந்துவிட்டது. மின்வாரியத்தில் இருப்பவர், எதையும் சோதித்துப் பார்க்காமல் பேசமாட்டார்.

"ரெண்டு கையையும் தூக்கு."

தூக்கினேன்.

"அப்படியே வச்சிரு. காலை மடக்கு. சரி, கிளம்பு."

ஆட்டோவில் மதுரைக்குப் போகிற வழியெல்லாம் என் இடது கையைப் பிடித்தபடியே வந்தார். அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறாரா, சும்மா பிடித்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

பக்கவாதம் இல்லையாம், முகவாதமாம். காதுக்குப் பின்னால் வருகிற நரம்பு வீங்கி, அதன் கீழ் இருக்கிற முகம் படுத்துவிடுகிறது. வைரஸ் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். "சீக்கிரமா வந்துட்டீங்க, நல்லது. பெரும்பாலானவங்களுக்குச் சரியாயிடும்." அறிவியல் டீச்சரிடம் "பெரும்பாலானவங்க" என்று சொல்லக் கூடாது. மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்றுதான் மனசு போகும்.

நேற்று ராத்திரிதான் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுப் பெண்களைக் கொடைக்கானல் கூட்டிப்போய்விட்டுத் திருமங்கலம் திரும்பினோம். ஒருத்தியும் தொலையாமல், ஒருத்திக்கும் அடிபடாமல். அந்த வகையில் சாமிக்கு நன்றி. மூளையில் ஒன்றும் இல்லை என்று சொன்ன டாக்டருக்கும், மீட்டருக்கு மேல் கேட்காமல் ஓட்டிய ஆட்டோக்காரருக்கும் நன்றி.

ஜனவரி 21, செவ்வாய்

தூங்கும்போது இடது கண் மூடுவதில்லை. காய்ந்துபோகாமல் இருக்க, சொட்டு மருந்து விட்டு இமையை இழுத்து டேப் ஒட்டிவிடுகிறார் இவர். கம்பி சுற்றுகிற கை, ஒரு முடிகூட ஒட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

பார்க்க வருகிறார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள். வந்தவர்கள் என் முகத்தைத் தவிர வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நம் வீட்டுக் காலண்டருக்கு இவ்வளவு மரியாதை இதற்குமுன் கிடைத்ததில்லை.

பெரிய நாத்தனார் ஒரு கூடையோடு வந்தார். உள்ளே உயிரோடு ஒரு புறா. "சூப் வச்சுக் குடி சுகந்தி. ஒரே வாரத்துல முகம் நிமிந்துரும். எங்க ஊர்ல ரெண்டு பேருக்குப் பாத்திருக்கேன்." அவர் பஸ் ஏறியதும் இவர் மொட்டைமாடிக்குப் போய்ப் புறாவைத் திறந்துவிட்டார். அது போகவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு எங்களையே பார்க்கிறது. அந்த வெயிலில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்புக்கு நன்றி. திறந்துவிட்ட மனுஷனுக்குக் கூடுதல் நன்றி.

பள்ளிக்கூடத்திலிருந்து பிரேமா வந்தாள். கணக்கு டீச்சர், என்னைவிட இளையவள், சுற்றுலாவுக்கும் என்னோடு வந்தவள். அவள் ஒருத்திதான் நேராக என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள்.

"எப்படிக்கா வந்துச்சு?"

வைரஸ், நரம்பு, வீக்கம் என்று ஆரம்பித்தால் எல்லாமே உதடு சேர வேண்டிய சொற்கள். எனக்கு ப, ம, வ மூன்றும் இப்போது காற்றாகத்தான் வருகின்றன. "ஜன்னல் காத்து" என்றேன். அது சுலபமாக வந்தது. "அப்பவே நினைச்சேன்க்கா. மலை இறங்குறப்ப அம்புட்டு நேரம் ஜன்னலைத் திறந்து போட்டு உக்காந்திருந்தீங்களே" என்றாள். தலையாட்டி வைத்தேன்.

மாலையில் எச்.எம். மேடம் போன் செய்தார். பிப்ரவரி கடைசியில் ஆண்டு விழா. சுற்றுலாப் படங்களை வைத்துப் பெரிய கொலாஜ் ஒன்று செய்து ஹால் வாசலில் வைக்க வேண்டுமாம். "வீட்ல இருந்தே செய்யலாம் சுகந்தி, உங்களுக்கும் பொழுது போகும். நடுவுல உங்க படம் பெரிசா வரணும், நீங்கதானே பொறுப்பு." சரி மேடம் என்றேன். மருத்துவ விடுப்பில் இருப்பவளுக்கு வேலை கொடுக்கிறார் என்று இவருக்குக் கோபம். எனக்கு இல்லை. கையில் வேலை இல்லாவிட்டால் நாள்முழுக்கக் கண்ணாடி முன்னால்தான் நிற்பேன் என்று மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 29, புதன்

பிசியோதெரபிக்குப் போனேன். தாவணியால் வாயை மூடும் வயசுப் பெண் மாதிரி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு போனேன். சொல்லித்தருகிற பெண் ரிஸ்வானா. வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன் வயதுதான் இருக்கும். பலூன் ஊத வேண்டும், விசிலடிக்க வேண்டும், கன்னத்தை உப்ப வேண்டும். எல்லாக் காற்றும் இடது ஓரமாக வெளியே போகிறது. "சூப்பர் மேடம், நல்லா வருது" என்கிறாள் ரிஸ்வானா. ஒன்றும் வரவில்லை. இருந்தும் அந்தப் பொய் நன்றாக இருக்கிறது.

பிரேமா படங்களை அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது என்பதால் எல்லாம் அவள் போனில் எடுத்தவை. வெள்ளி அருவிக்கு முன்னால் வரிசை, ஏரியில் படகு, தூண் பாறையில் பாறையே தெரியாத அளவுக்கு மூடுபனி. மூடுபனிக்கு முன்னால் நின்று எல்லோரும் "பின்னாடி பாறை இருக்கு" என்று கைகாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு படத்தில் நான் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

நடுவில் ஏரியை வைக்கப்போகிறேன். ஏரி அழகாக இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு இவர் வாங்கிவந்தார். கூடத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். மூன்று தெர்மாகோல் அட்டைகளைச் சேர்த்து, மேலே நீல வெல்வெட் தாள் ஒட்டியாகிவிட்டது. ஓரத்துக்கு ஜிகினாத் தாள். படங்களை அப்படியே சதுரமாக ஒட்டினால் ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். தலை, தோள், கை இவற்றின் ஓரமாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து வைக்க வேண்டும். ஒருத்தியின் தலை இன்னொருத்தியின் முகத்தை மறைக்கக் கூடாது. மறைத்தால் அவள் அம்மா அடுத்த நாளே வாசலில் நிற்பார்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எங்க?" என்றார்.

"நான் படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்ல."

"பிரேமால்ல எடுத்துச்சு?"

கத்தரிக்கோல் கூர்மையாக இல்லை, வேறு வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். வெட்டி எடுத்த என் துண்டுகளை ஒரு உறையில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இடம் போதாது என்பதுதான் காரணம்.

பிள்ளைகளிடம் ஒரு காரியம் சொல்லி அனுப்பியிருந்தேன். ஆளுக்கு ஒரு படம் அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குக் கீழே ஒட்ட ஒரு வரி எழுதித் தர வேண்டும். வந்துகொண்டே இருக்கிறது. "ஏரியில் நான் துடுப்புப் போட்டேன், டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்கள்." இது லீடர் ஹரிப்பிரியா. "முதல்முறையாக என் வாயிலிருந்து புகை வந்தது." "வீட்டுக்கு வாங்கிய சாக்லேட் வத்தலக்குண்டு வருவதற்குள் தீர்ந்துவிட்டது." "ஹோட்டலில் சப்பாத்தி ஒன்பது." பெயர் எழுதாமல் அனுப்பியிருக்கிறாள், கையெழுத்தை வைத்து யாரென்று எனக்குத் தெரியும். சிரிப்பு வந்தது, அது எந்தப் பக்கம் போனதோ தெரியாது. இந்தப் பிள்ளைகள் எனக்குக் கிடைத்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

மதுபாலாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

ஹரிப்பிரியாவிடம் போனில் கேட்டேன். "மதுபாலா படம் வேணாமாம் டீச்சர். அவளே சொல்லிட்டா" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே வேறு விஷயம் பேசினாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

பிரேமா வந்தாள். மதுபாலாவைப் பற்றிக் கேட்டேன். பேரைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ம-வும் ப-வும் ஒரே பேரில்.

"அவ ஸ்கூலுக்கு வர்றதில்லக்கா. டூர் போயிட்டு வந்ததுக்கப்புறம் ஒரு வாரம் வந்தா. பஸ் ஒத்துக்கலைன்னு நின்னுட்டா. அவங்க அம்மா வேலை பாக்குற மில்லுலயே சேத்துவிட்ரலாம்னு பேச்சு."

மதுபாலாவுக்கு வடகரைப்பட்டி. மினி பஸ்ஸில் வர வேண்டும். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற பிள்ளை, அது ஊருக்கே தெரியும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முகத்தில் காற்றடித்தால் சமாளித்துவிடுவாள். அப்படித்தான் ஆறாம் வகுப்பிலிருந்து வருகிறாள். கொடைக்கானலுக்கு வரமாட்டேன் என்றவளை, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வாந்தி. ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது. நடுவில் ஒருதரம் திரும்பி, "டீச்சர், அந்த ஏரி எம்புட்டுப் பெருசு" என்றாள். வாயைத் துடைக்கக்கூட இல்லை. எனக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்த நேரம் அதுதான்.

"இத்தனை வருஷம் ஒத்துக்கிட்ட பஸ் இப்ப ஏன் ஒத்துக்கல?" என்று கேட்டேன்.

பிரேமா காலண்டரைப் பார்த்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவை நோய் வந்த அன்றே சத்தமில்லாமல் ஆக்கி வைத்திருந்தேன். நலம் விசாரித்தால் படம் அனுப்பச் சொல்வார்களோ என்று ஒரு கூச்சம். இன்றைக்குத் திறந்தேன்.

மலை இறங்கும்போது பிரேமா முன் சீட்டிலிருந்து திரும்பி எடுத்த படம் அதில் கிடக்கிறது. திறந்த ஜன்னல், வெளியே தலையைச் சாய்த்த மதுபாலா, முடி பறக்க அவளைப் பிடித்திருக்கும் நான். அதை யாரோ எடுத்து, ஜன்னலைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். என் முகத்தைச் சுற்றி இன்னொரு வட்டம். கீழே எழுத்து: "இந்த ஜன்னல் காற்றால்தான் சுகந்தி டீச்சருக்கு முகம் கோணிவிட்டது. டீச்சரே சொன்னது. பிள்ளைகளை ஜன்னல் ஓரம் உட்கார வைக்காதீர்கள். அனைவருக்கும் பகிரவும்." அனைவருக்கும் பகிர்ந்திருக்கிறார்கள். வேறு பள்ளிக்கூடத்துக் குழுவிலிருந்து சுற்றி மறுபடி இதே குழுவுக்கு இரண்டாம் முறையாகவும் வந்திருக்கிறது.

அதன் கீழே ஒரு அம்மா: "ஒரு பிள்ளைக்காக ஜன்னலைத் திறக்கப் போய் டீச்சர் நிலைமையைப் பாருங்கள்."

மதுபாலாவின் பேரை யாரும் எழுதவில்லை. படத்தில்தான் ஆளே இருக்கிறாளே.

டீச்சரே சொன்னது. ஆமாம், நான்தான் சொன்னேன். வகுப்பில் காற்றால் நோய் வருமா, கிருமியால் வருமா என்று கேட்டுச் சரியான விடைக்கு மதிப்பெண் போடுகிறவள். உதடு ஒத்துழைக்கவில்லை என்று ஒரு சொல்லைச் சுலபமாக விட்டேன். அது வடகரைப்பட்டிவரை போய் ஒரு பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

காலையிலிருந்து தட்டச்சு செய்து குழுவில் நீளமாக ஒன்று போட்டேன். முகவாதம் நரம்பு வீக்கத்தால் வருவது, வைரஸ் காரணமாக இருக்கலாம், டாக்டர் சொன்னது இதுதான், ஜன்னல் காற்று என்று நான் வாய்தவறிச் சொன்னது தவறு, எந்தப் பிள்ளைக்கும் இதில் சம்பந்தமில்லை. டாக்டரின் சீட்டையும் படம் எடுத்துச் சேர்த்தேன்.

பதில்கள் வந்தன. கும்பிடும் கைகள். பூங்கொத்து. "டீச்சருக்குத் தங்கமான மனசு." "அந்தப் பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க பாருங்க, இதுதான் ஆசிரியர்." உண்மையைச் சொன்னால் பெருந்தன்மை என்கிறார்கள். இதற்கு என்ன மாத்திரை இருக்கிறதோ.

மதுபாலாவின் அம்மா பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டேன். நான் பேசியதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க நல்லவுக டீச்சர். அப்பிடித்தான் சொல்லுவீக. காத்துப் பட்டா கோணும்னு எங்களுக்குத் தெரியாதா?"

"இல்லைங்க, அவளை ஸ்கூலுக்கு அனுப்புங்க. பரீட்சை வருது."

"நான் போகச் சொல்லித்தான் டீச்சர் பாத்தேன். பஸ்ல ஏறுனா ஜன்னலைத் திறக்க மாட்டேங்கிறா. பக்கத்துல இருக்கவுகளையும் திறக்க விட மாட்டேங்கிறா. அவுகளுக்கும் முகம் கோணிரும்னு அழுகுறா. காத்தில்லாம தினம் வாந்தி. பஸ்காரர் இறக்கி விட்டுட்டாரு. நானும் எம்புட்டு நாள்தான் பாக்க?"

நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

போகவில்லை. பசை சரியாகக் காயவில்லை, இரண்டு படம் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றைக்குத் தலைவலி. வெயிலும் அதிகம்.

பிப்ரவரி 14, வெள்ளி

"நாளைக்கு லீவு போட்டிருக்கேன், வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றார் இவர். கண் ஆறட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார்.

"அந்தப் பிள்ளை அவ வீட்டுக்குள்ள உக்காந்திருக்கு. நீ இந்த வீட்டுக்குள்ள உக்காந்திருக்க. ரெண்டு பேரும் எந்திரிச்சு வரணும்ல."

அதிகம் பேசாதவர் பேசினால் வலிக்கிறது. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

பிப்ரவரி 15, சனி

போய்வந்தேன். வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன்.

வண்டி வேண்டாம், பஸ்ஸிலேயே போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை. ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் போனேன். வடகரைப்பட்டியில் இறங்கி வீட்டைக் கேட்டபோது மூன்று பெண்கள் குழாயடியிலிருந்து என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர் "இவுகதான்" என்றார்.

மதுபாலா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரப் பாவாடையோடு கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். பஞ்சவர்ணம் நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். முந்தானையை விட்டுவிட்டுக் குடித்தேன். வழக்கம்போல் பாதி சேலையில். கதவிடுக்கு வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"வெளிய வா" என்றேன். "பேர் சொல்லிக் கூப்பிடத்தான் ஆசை. வாய் வரலை."

வந்தாள். தரையைப் பார்த்து நின்றாள்.

"வலிக்குதா டீச்சர்?"

"வலிக்கல. மரத்துப்போன மாதிரி இருக்கு."

"என்னாலதான்."

"இல்ல. இந்தக் காதுக்குப் பின்னாடி ஒரு நரம்பு வருது. அது வீங்கிருச்சு. நீ இல்லாம நான் தனியா வீட்ல படுத்திருந்தாலும் வீங்கியிருக்கும்."

"நீங்க பிரேமா டீச்சர்ட்ட காத்துன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேன். தப்பா சொன்னேன். வாய் கோணலா இருந்துச்சா, சுலபமா வர்ற சொல்லைச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிரு."

அவளுக்கு டீச்சர் மன்னிப்புக் கேட்டது பிடிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் நம்பவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. நான் நல்லவள் என்பதில் மட்டும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

"கொலாஜ்ல எல்லாரும் இருக்காங்க. உன் படம் மட்டும் இல்ல. ஸ்டுடியோவுக்கு வந்து நீயே பாத்து எடு. அப்புறம் நானே கொண்டாந்து விடுறேன்" என்றேன்.

"போயிட்டு வா" என்று மகளிடம் சொன்னார் பஞ்சவர்ணம்.

மினி பஸ்ஸில் கூட்டமில்லை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். என் இடது பக்கம்தான் ஜன்னல். கண்ணாடியை முழுக்கத் தள்ளித் திறந்தேன். பஸ் கிளம்பியதும் காற்று வந்து படுத்துக்கிடந்த பாதி முகத்தில் மோதியது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், மூடிருங்க."

"மூடுனா உனக்கு வாந்தி வரும்."

"வந்தா வரட்டும் டீச்சர். மூடிருங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அறிவியலை எல்லாம் மறந்து, கண்ணாடியை மூடிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மூடவில்லை. மூடியிருந்தால் அந்தச் சிவப்பு வட்டத்தை நானே இன்னொரு தரம் போட்ட மாதிரி.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா நீ நம்ப மாட்டேங்கிற. அப்ப நீயே பாரு. இறங்குறவரைக்கும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு வா" என்றேன்.

பார்த்தாள். அந்தப் பிள்ளை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். இத்தனை நாளில் என் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, நான் உட்பட. இடது கண் மூடாது என்பதால் காற்றில் எரிந்தது, தண்ணீர் கொட்டியது. துடைக்கத் துடைக்க வந்தது. அவள் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, கையைக் குவித்து அந்தக் கண்ணுக்கு முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலை மூடச் சொல்லவில்லை. கண்ணுக்கு மட்டும் மறைத்தாள்.

"வேற எங்கயும் எரியுதா டீச்சர்?"

"இல்ல. காத்து நல்லா இருக்கு."

ஸ்டாண்டில் இறங்கினோம். என் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் காய் பார்க்கிற மாதிரி. "ஏறுறப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு" என்றாள். ஏமாற்றமா ஆறுதலா, தெரியவில்லை. அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. "எனக்கும் வாந்தி வரல டீச்சர்."

ஸ்டுடியோவில் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு, அருவிக்கு முன்னால் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற தன் படத்தை எடுத்தாள். எடுத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"உங்க படம் எது டீச்சர்?"

"எனக்கு எதுக்கு?"

"ஆளுக்கு ஒண்ணுன்னு நீங்கதான சொன்னீங்க."

இரவு இவர் டேப் ஒட்டும்போது அந்தப் பிள்ளை கை வைத்ததைச் சொன்னேன். ஒட்டிய கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இவரை எனக்குக் கட்டிவைத்தவர்களுக்கும் நன்றி.

பிப்ரவரி 17, திங்கள்

பிரேமாவிடமிருந்து செய்தி: "மதுபாலா வந்துட்டாக்கா. ஜன்னல் சீட்டுல."

பிப்ரவரி 19, புதன்

ரிஸ்வானா விசிலடிக்கச் சொன்னாள். சத்தம் வரவில்லை, ஆனால் இடது உதட்டோரம் லேசாகத் துடித்தது. ரிஸ்வானா கண்ணாடியை இன்னும் கிட்டே நகர்த்தினாள். இந்த முறை "சூப்பர்" சொல்லவில்லை என்பதால் உண்மை என்று தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கொலாஜ் முடிந்தது. ஏரியைப் பேர்த்து எடுத்து ஓரத்துக்கு நகர்த்தினேன். நடுவில் மலை இறங்கும் பஸ் படம். வட்டம் எதுவும் இல்லாத, பிரேமா எடுத்த அசல் படம். பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். மதுபாலாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஒட்டினேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வாந்தி எடுக்கிறாள் என்று கீழே எழுதக் கூடாதாம்.

ஒரு வரி நான் எழுத வேண்டும். உட்கார்ந்து பார்த்தேன். "இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நேரம்" என்று எழுதினேன். அவ்வளவுதான் உண்மை.

இன்றோடு விடுப்பு முடிகிறது. எச்.எம். மேடம் நீட்டிக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வகுப்புக்குள் நுழைந்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் சுவரைப் பார்க்கவில்லை. "உக்காருங்க" என்றேன். அதுகூடச் சரியாக வரவில்லை, அவர்களுக்குப் புரிந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

ஆண்டு விழா. ஹால் வாசலில் கொலாஜ். அதன் முன்னால் ஒரே நெரிசல். தன் பிள்ளை தெரிகிறாளா, யார் தலையாவது மறைக்கிறதா என்று ஒவ்வொரு அம்மாவும் விரலால் தடவிப் பார்க்கிறார். ஜிகினாத் தாள் பாதி அவர்கள் கையோடு போய்விட்டது. சப்பாத்தி ஒன்பது சாப்பிட்டது யாரென்று ஒரு கூட்டம் துப்பறிந்துகொண்டிருந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முகம் இன்னும் முழுக்க வரவில்லை. பாதிக்குப் பாதி இருக்கும். மீதி வருமா என்று டாக்டர் சத்தியம் செய்து தரவில்லை. காலையில் சேலை கட்டும்போது, இன்றைக்கும் முந்தானையை இழுத்துவிடலாமா என்று கை போனது. ஊக்கு குத்தித் தோளோடு நிறுத்திவிட்டேன்.

குழுவில் எழுதியிருந்த அந்த அம்மா வந்தார். நடுவில் இருந்த படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இந்தப் படந்தான" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். மதுபாலா அங்கேதான் நின்றாள், விழாவுக்கு வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுக்கிற தட்டோடு. குறுக்கே போகலாம் என்று ஒரு அடி வைத்தேன்.

"இந்தப் படந்தான் அத்தை. ஆனா காத்துனால இல்ல" என்றாள் மதுபாலா. தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினாள். "இங்ஙன ஒரு நரம்பு வருது. அது வீங்குனா மூஞ்சி படுத்துரும். நான் ஜன்னலைத் திறந்து வச்சு டீச்சர் கூடவே பஸ்ல வந்து பாத்துட்டேன். ஒண்ணும் ஆகல."

அந்த அம்மா நிமிர்ந்து என்னைத் தேடினார். அப்படியா என்று என்னிடம் கேட்க வாயெடுத்தார். மதுபாலா நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"டீச்சர்ட்டக் கேக்காதீங்க அத்தை. அவுகளுக்குப் பேசுனா வாய் அசரும். என்ட்டக் கேளுங்க, நான் சொல்றேன்."

அவர் கேட்டார். அவள் சொன்னாள். இன்னும் நாலைந்து பேர் கூடினார்கள், அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மூடாத முகத்தோடு எல்லோருக்கும் தெரியும்படி பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் சொல்வதைக் கடைசிவரை கேட்டேன்.